கலை வகுப்பைப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி அமைப்பது எப்படி? செட்டிநாட்டுப் பள்ளிகளுக்கான முழுமையான வழிகாட்டி

பல பள்ளிகளில் கலை வேலை தலைகீழாகத்தான் தொடங்குகிறது. ஆண்டு விழாவுக்குத் தேதி குறிப்பார்கள். ஒரு பாட்டு முடிவாகும். நன்றாக ஆடுகிற எட்டுப் பேரைப் பிடிப்பார்கள். மீதி முப்பது பேருக்குக் கை தட்டும் வேலை.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. முதலில் பிள்ளைகள், அப்புறம் அவர்களுடைய நேரம், அதற்குப் பிறகு கலை, எல்லாம் முடிந்து கடைசியில் மேடை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் தடுமாறுவது பெரும்பாலும் திறமைக் குறைவால் அல்ல; மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்வதால்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாரத்துக்கு ஒரு இரட்டைப் பீரியட் வேண்டும். ஒற்றைப் பீரியட் போதாது. பிள்ளைகள் வந்து உட்காரப் பத்து நிமிடம், கழுவித் துடைத்து எடுத்து வைக்கப் பத்து நிமிடம் போய்விடும்; மிச்சத்தில் ஒரு தாளை மடிக்கலாம், அவ்வளவுதான். அந்த இரட்டைப் பீரியடைத் தலைமையாசிரியர் டைம்டேபிளில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாய்வார்த்தையாக வாங்கிய பீரியடைக் காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது "இந்த ஒரு வாரம் மட்டும் சார்" என்று கணக்கு ஆசிரியர் கேட்பார். அதற்குப் பிறகு அது திரும்பி வராது.

பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியரோ இசை ஆசிரியரோ இருந்தால், அவர் எந்தெந்த நாள் வருகிறார் என்று பார்த்த பிறகே பீரியடைக் குறியுங்கள். அவர்கள் வாரத்தில் எல்லா நாளும் வரமாட்டார்கள். அவர் வராத நாளில் வகுப்பை வைத்துவிட்டு அப்புறம் மாற்ற அலையும் பள்ளிகள் பல.

பணத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் கலைஞருக்கான ஊதியம், தாள் மற்றும் வண்ணம், வண்டிச் செலவு என்று மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும். பிரிக்காமல் ஒரே தொகையாக வைத்தால் முதலில் வெட்டுப்படுவது கலைஞரின் ஊதியம்.

நாள்காட்டி ஒன்று தேவை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகள், ஊர்த் திருவிழா, அரசுப் பள்ளியாக இருந்தால் 2022-23 கல்வியாண்டிலிருந்து நடந்துவரும் கலைத் திருவிழாப் போட்டிகள், எல்லாவற்றையும் அதில் வட்டமிடுங்கள். வட்டம் விழாத பத்து வாரங்கள் தொடர்ச்சியாகக் கிடைத்தால் அதுதான் உங்கள் காலம். பெரும்பாலும் ஜூன் கடைசியிலிருந்து காலாண்டு வரை கிடைக்கும்.

2. யாருக்கு என்று முடிவு செய்வது

ஒரு வகுப்பின் ஒரு பிரிவை முழுதாக எடுங்கள். "யாருக்கு விருப்பம்?" என்று கேட்டால் ஏற்கெனவே மேடை ஏறிய கைகள்தான் உயரும். கலை வகுப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவர் கையைத் தூக்க மாட்டார். நாற்பது பேர் என்றால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி கலையிலும் மறு பாதி நூலகத்திலும் இருக்கட்டும். அடுத்த பத்து வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்பைத் தொடாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் தேவை உண்டுதான். ஆனால் பாதியில் நிறுத்தச் சொல்லி வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் அழுத்தம் வரும். பாதியில் நின்றுபோன வகுப்பு, நடக்காத வகுப்பைவிட மோசம்.

3. கேட்பது: இரண்டு சீட்டு முறை

"உனக்கு என்ன பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "டான்ஸ், டிராயிங், பாட்டு" என்று வரிசையாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

ஆளுக்கு இரண்டு சீட்டு கொடுங்கள். முதல் சீட்டில் பெயர் எழுதச் சொல்லுங்கள். அதில் இரண்டு கேள்வி: பள்ளி விட்டதிலிருந்து இரவுச் சாப்பாடு வரை என்னென்ன செய்கிறாய்? யாரும் சொல்லாமல் நீயாகக் கையால் கடைசியாகச் செய்தது எது? இரண்டாவது சீட்டில் பெயர் வேண்டாம். அதிலும் இரண்டு: வகுப்பில் எதைச் செய்யச் சொன்னால் உனக்கு வயிற்றைக் கலக்கும்? எது நடந்தால் இந்த வகுப்புக்கு வராமல் இருந்துவிடுவாய்?

பெயருள்ள சீட்டு உங்கள் திட்டத்துக்கு. பெயரில்லாதது உண்மை வெளியே வருவதற்கு. இரண்டையும் ஒரே தாளில் கேட்டால் பயத்தை யாரும் எழுத மாட்டார்கள். சீட்டுகளைக் கிளாஸ் லீடரை விட்டு வாங்கச் சொல்லாதீர்கள். அவர் படித்துவிடுவார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். மூடிய அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு மேசையில் வைத்தால் போதும். எழுதத் தடுமாறும் பிள்ளைகள் வரைந்து காட்டலாம், அல்லது தனியாக வந்து சொல்லலாம்.

இனி படிப்பது. "சைக்கிள் செயின் மாட்டினேன்", "தம்பிக்கு முடி வெட்டினேன்", "வாசலில் இருபத்தொரு புள்ளிக் கோலம்", "போனில் வீடியோ வெட்டினேன்" என்றெல்லாம் வரும். கையைப் பயன்படுத்தி, பார்த்து, திருத்திச் செய்த வேலை எதுவும் இதில் கணக்கில் சேரும். சினிமா டான்ஸ் என்று எழுதியவர்களைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். தாளம் பிடிக்கவும், எட்டு எண்ணிக்கையில் உடம்பை நிறுத்தவும் அவர்கள் ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டார்கள். அங்கிருந்து ஒயிலாட்டத்துக்குப் போவது எளிது. "அதெல்லாம் கூடாது, நம்ம கலைதான்" என்று தொடங்கினால் முதல் வாரத்திலேயே பாதி வகுப்பு கைநழுவும்.

4. பிள்ளைகளின் நேரத்தை வரைவது

பெயருள்ள சீட்டுகளை வைத்து ஒரு சார்ட்டில் நேரக் கோடு போடுங்கள். மணி அடித்ததும் எத்தனை பேர் டவுன் பஸ் பிடிக்க ஓடுகிறார்கள்? எத்தனை பேர் தம்பி தங்கையை அழைத்துக்கொண்டு போக வேண்டும்? சனி ஞாயிறில் கல்யாணச் சமையலுக்குக் கூடமாட ஒத்தாசையாகப் போகிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள் யார்?

இதை வரைந்து பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். பள்ளி விட்ட பிறகு ஒத்திகை வைத்தால் வரமுடியாதவர்கள் யாரோ, அவர்களுக்குத்தான் வீட்டிலும் கலைக்கு வாய்ப்பில்லை. கடைசி பஸ் போய்விட்டால் நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டிய பிள்ளையைப் பற்றி "ஆர்வமில்லை" என்று எழுதிவிடுகிறோம். ஆகவே எல்லா வேலையும் பள்ளி நேரத்துக்குள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பெரிய பெண் பிள்ளைகள் விஷயத்தில் வீட்டுக்கு ஒரு தடவை போய்விட்டு வருவது நல்லது. பெரும்பாலும் பேசப்போவது அப்பத்தாதான்.

"பொம்பளப் பிள்ளையை மேடையில ஆட விடுறதா டீச்சர்?"

"ஆடணும்னு இல்லை அப்பத்தா. கோடு போடலாம், பாட்டு எழுதலாம், திரைக்குப் பின்னால நிக்கலாம். எதுன்னு அவளே சொல்லட்டும். எல்லாம் பள்ளிக்கூட நேரத்துலதான், சாயங்காலம் பஸ்ஸுக்கு வந்துருவா."

இந்த இரண்டாவது பாதிதான் வீட்டுக்கு முக்கியம். நேரத்தைச் சொல்லாமல் கலையின் பெருமையை எவ்வளவு பேசினாலும் பயனில்லை.

5. தேவையைப் பார்த்துக் கலையைத் தேர்ந்தெடுப்பது

இப்போதுதான் கலை. பெயரில்லாச் சீட்டுகளைக் குவியல்களாகப் பிரியுங்கள். எந்தக் குவியல் பெரிதோ அதற்கு ஏற்றதை முதன்மையாக எடுங்கள்.

"எல்லோரும் பார்க்கும்போது நிற்பது" என்பதே பயம் என்றால் கும்மி நல்ல தொடக்கம். வட்டமாக நின்று உள்நோக்கித் திரும்பியிருப்பதால் யாரும் யாருக்கும் எதிரில் இல்லை, பார்வையாளர் என்று ஒருவரும் இல்லை. ஒயிலாட்டத்தில் கையில் துணி இருக்கும். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெளிகிற பதின்மூன்று வயதுப் பையனுக்கு அந்தத் துணி பெரிய உதவி.

குரலைப் பற்றிய பயம், திக்குவாய், "என் குரல் உடைஞ்சிருச்சு" என்பதெல்லாம் வந்தால் திரைக்குப் பின்னிருந்து ஆட்டும் பொம்மை நாடகம் எடுக்கலாம். முகம் தெரியாதபோது பேச்சு வருகிறது. ஒருவர் பேச, இன்னொருவர் பொம்மையை ஆட்டலாம்.

உட்கார முடியாதவர்கள் அதிகம் என்றால் சிலம்பம், தாளக் கருவி. "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிறவர்கள் அதிகம் என்றால் கைவினை. அந்தக் கேள்வியை அலட்சியமாக நினைக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே வீட்டு வருமானத்தைப் பற்றி யோசிக்கிற பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய. ஆனால் "இதை வைத்துச் சம்பாதிக்கலாம்" என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு பொருளுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு பொருட்செலவு, கடையில் என்ன விலை என்று அவர்களே கணக்குப் போடட்டும். அந்தக் கணக்கே ஒரு பாடம்.

பத்து வாரத்துக்கு ஒரே கலை. மூன்று நான்கு கலைகளை எடுத்தால் எதிலும் கை பழகாது. கை பழகும் முன்பே வகுப்பு முடிந்தால் "எனக்கு வராது" என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

6. ஒரு மாதிரி: ஆத்தங்குடிக் கல் வடிவம்

தனித்தனியாக ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதுதான். பேசாமலே சேர்ந்து வேலை செய்ய வைக்கும்.

ஆத்தங்குடியில் வீட்டுத் தரையில் பதிக்கும் வண்ணக் கல் செய்வதை நேரில் பார்க்க ஒரு நாள் கூட்டிப் போங்கள். கண்ணாடியின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை அறை அறையாகக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையால் நிரப்புவார்கள். தண்ணீரில் ஊறிக் காய்ந்த பிறகு கண்ணாடி பிரிந்து வரும். பளபளப்பு அந்தக் கண்ணாடியால் வருவது. பட்டறையில் பிள்ளைகள் சிமெண்டைத் தொடக்கூடாது. ஈரச் சிமெண்டு தோலை அரிக்கும். பார்த்துவிட்டு வந்து அட்டையில் செய்வதே நம் வேலை.

முதல் நாளே நீங்கள் 8 அங்குலச் சதுரமாக 36 அட்டைகளை வெட்டி வையுங்கள். பிள்ளைகளை வெட்டச் சொன்னால் ஆளுக்கொரு அளவு வரும். கடைசியில் ஒட்டும்போது ஒன்றோடொன்று பொருந்தாது, பழி வடிவத்தின் மேல் விழும்.

ஒவ்வொரு பக்கத்திலும் 2 அங்குலத்திலும் 6 அங்குலத்திலும் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். சட்டம் ஒன்றே ஒன்று: அட்டையின் ஓரத்தை வண்ணப் பட்டை எங்கே தொட்டாலும் அந்தப் புள்ளிகளில்தான் தொட வேண்டும், எட்டுப் புள்ளிகளையும் தொட்டாக வேண்டும், அரை அங்குல அகலம், வகுப்பு சேர்ந்து முடிவு செய்த ஒரே நிறம். நடுவில் என்ன வரைவது என்பது அவரவர் விருப்பம். 2, 6 என்று எடுப்பதற்குக் காரணம் உண்டு: இரண்டும் மையத்திலிருந்து சம தூரத்தில் இருப்பதால் அட்டையை எப்படித் திருப்பினாலும் பக்கத்து அட்டையோடு கோடு சேரும். மொத்தம் மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம். நிறம் கூடினால் சேரும் கோடு கண்ணில் படாது.

முடிந்ததும் தரையில் ஆறுக்கு ஆறாக அடுக்குங்கள். நாலடிச் சதுரம் வரும். யாருடைய அட்டை யாருக்குப் பக்கத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு பேரின் சிவப்புக் கோடு ஓரத்தில் சேர்ந்து ஓடுவதைப் பார்த்து அவர்களே குனிந்து விரலால் தடவிப் பார்ப்பார்கள்.

இங்கே வரும் வழக்கமான தவறு: சீக்கிரம் முடித்த பிள்ளை அடுத்தவரின் அட்டையைத் "திருத்திக்" கொடுப்பது. உதவி போலத் தெரியும். வாங்கியவருக்கு அது தன்னுடைய அட்டையாகவே இருக்காது. முடித்தவர்களுக்கு அடுக்கும் வேலையைக் கொடுங்கள்.

7. ஊர்க் கலையை எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

கொட்டான் என்னும் ஓலைக் கூடை முடைவதற்குப் பனங்குருத்தோலை வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற கலைதான், ஆனாலும் பிள்ளைகளின் விரலுக்கு ஓலை விளிம்பு கூர்மை. முதல் இரண்டு வாரம் தாள் நறுக்குகளில் பின்னலைப் பழக்கிவிட்டு, அப்புறம் நனைத்த ஓலைக்குப் போங்கள். காய்ந்த ஓலையைக் கொடுத்தால் மடிக்கும்போதே கீறும்.

முளைப்பாரிக் கும்மி அம்மன் கோயிலோடு சேர்ந்தது. வகுப்பில் முஸ்லிம், கிறித்தவப் பிள்ளைகள் இருந்தால் கைத்தட்டையும் அடவையும் மட்டும் எடுத்துக்கொண்டு, சொற்களைப் பிள்ளைகளே புதிதாக எழுதட்டும். பஸ் வராத கதை, உச்சி வெயில், தண்ணீர் லாரி, எதையும் கும்மியில் பாடலாம். கோலத்திலும் இதே கவனம் தேவை: நகரத்தார் வீடுகளில் நடுவீட்டுக் கோலம் விசேஷத்துக்கு என்றே இடுவது. வடிவத்தைப் படிக்கலாம்; பொழுதுபோக்காகத் தரையில் போட்டு மிதிக்க விட வேண்டாம்.

பறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "உங்க வீட்டுப் பழக்கம்தானே, நீ அடி" என்று ஒரு பையனைப் பார்த்துச் சொன்னால் அந்த வார்த்தையோடு வகுப்பு கெட்டது. அவனுடைய அப்பா அந்த வேலையை விட்டு வெளியே வரப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. பறை எடுக்கிறீர்கள் என்றால் வகுப்பு முழுவதும் எடுக்க வேண்டும், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அதே கருவியைத் தூக்கி, காய்ச்சி, அடிக்க வேண்டும். ஏதாவது ஒரு வீட்டிலிருந்து "எங்க பிள்ளை தொடாது" என்று வந்தால் முடிவைத் தலைமையாசிரியர் சொல்லட்டும், முன்கூட்டியே பேசி வையுங்கள். அந்த உறுதி இல்லாத பள்ளியில் இந்த ஆண்டு பறையைத் தொடாமல் இருப்பதே மேல்.

8. கலைஞரை அழைப்பது

பங்குனி முதல் வைகாசி வரையும், ஆடியிலும் ஊர்க் கலைஞர்களுக்குத் திருவிழா வேலை. அந்த நாட்களில் அழைத்தால் வர ஒப்புக்கொண்டு, வர முடியாமல் போகும். தேதியை அவர் சொல்லட்டும்.

ஊதியத்தை முதலிலேயே பேசி, வந்த அன்றே கொடுங்கள். "பில் பாஸாகட்டும்" என்று சொல்லி அனுப்பினால் அவர் அடுத்த முறை வரமாட்டார், தன் கூட்டாளிகளிடமும் சொல்வார். ஆசிரியர்களுக்கு எந்த நாற்காலியோ அவருக்கும் அதே நாற்காலி, எந்த டம்ளரில் டீயோ அதே டம்ளர். பிள்ளைகள் பாடத்தைவிட இதைத்தான் உன்னிப்பாகப் பார்ப்பார்கள்.

முதல் வருகையில் கற்பிக்கச் சொல்லாதீர்கள். செய்து காட்டட்டும், பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். முப்பது பேரைக் கட்டி மேய்ப்பது அவர் தொழில் அல்ல. அது உங்கள் வேலை. எந்த நேரத்திலும் பள்ளி ஆசிரியர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும். தொட்டுத் திருத்த வேண்டிய இடங்களில் சொல்லியோ செய்து காட்டியோ திருத்தும்படி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இது கலைஞரைச் சந்தேகப்படுவதாகாது. பிள்ளைக்கும் அவருக்கும் சேர்ந்தே பாதுகாப்பு. தன்னார்வலராக நீங்கள் போனாலும் இதே விதிதான். 1098 குழந்தைகள் உதவி எண்ணை அறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

9. ஒரு வகுப்பு எப்படி நடக்கும்

முதல் பத்து நிமிடம் உடம்பைத் தளர்த்துவது. அடுத்து நீங்கள் செய்து காட்டுவது, பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாமல். அப்புறம் நாற்பது நிமிடம் அவர்கள் கை வேலை. இதில் உங்கள் வாய் மூடியிருக்கட்டும். கடைசியில் சுத்தம் செய்வது, அதையும் வகுப்பின் பகுதியாகவே. துடைப்பத்தைப் பெண் பிள்ளைகளிடம் கொடுப்பது பழக்கத்தில் தானாக நடந்துவிடும். முறைப் பட்டியல் போட்டு ஒட்டிவிடுங்கள்.

காது கேளாத, நடக்க இயலாத பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கெனத் தனி வேலை கொடுக்காதீர்கள். அதே வேலையை மேசை உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். தாளத்தைத் தரைப்பலகையில் தட்டி அதிர்வாகத் தெரியவிடுங்கள்.

10. நாலாம் வாரச் சோதனை

நான்காம் வாரத்தில் வருகைப் பதிவைப் பாருங்கள். யார் இரண்டு வகுப்பு தவறவிட்டார்கள்? வகுப்பில் இருந்தும் கை வைக்காமல் இருப்பது யார்? அவர்களிடம் தனியாக, "எதை மாற்றினால் உனக்குச் சரிப்படும்?" என்று மட்டும் கேளுங்கள். "ஏன் வரலை?" என்று கேட்டால் மன்னிப்புதான் பதிலாக வரும்.

வரும் பதில்கள் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். கழிப்பறையில் தண்ணீர் இல்லை, அதனால் கடைசிப் பீரியட் உட்கார முடியவில்லை. பெயின்ட் யூனிஃபார்மில் பட்டால் வீட்டில் அடி. பக்கத்தில் உட்காருகிறவன் பட்டப்பெயர் சொல்கிறான். இவற்றைச் சரிசெய்யப் பழைய சட்டை ஒன்றும், இடமாற்றமும், ஒரு வாளித் தண்ணீரும் போதும். திட்டத்தையே மாற்ற வேண்டியது அபூர்வம்.

11. மேடை, வேண்டுமென்றால்

எட்டாம் வாரத்தில் பிள்ளைகளிடமே கேளுங்கள்: யாருக்குக் காட்டலாம்? ஆறாம் வகுப்புக்கு மட்டும் என்றால் அதுவே போதும். பெற்றோரை அழைப்பதாக இருந்தால் கூலி வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய நேரமாகப் பாருங்கள்.

வாடகை உடை வேண்டாம். உடைக்குப் பணம் கேட்ட அன்றைக்கே காய்ச்சல் என்று சிலர் நின்றுவிடுவார்கள். காய்ச்சல் எதனால் என்று உங்களுக்கும் தெரியும். யூனிஃபார்மும் தோளில் ஒரே நிறத் துண்டும் போதும். பரிசும் தரவரிசையும் வேண்டாம். கலைத் திருவிழாப் போட்டிக்கு யாராவது போக விரும்பினால் அதற்குத் தனியாகப் பயிற்சி கொடுங்கள். வகுப்பைப் போட்டிக்கான தேர்வாக்கிவிடாதீர்கள்.

12. அடுத்து வருபவருக்கு ஒரு நோட்டு

பணிமாறுதல் கலந்தாய்வு வந்தால் நீங்கள் அடுத்த ஆண்டு இந்தப் பள்ளியில் இருப்பீர்களா என்று சொல்ல முடியாது. ஆகவே வாரம் ஒரு பக்கம் எழுதுங்கள்: என்ன செய்தோம், எத்தனை பேர், எங்கே நேரம் பற்றவில்லை, எந்தக் கடையில் அட்டை மலிவு, எந்தக் கலைஞர் எந்த மாதம் வரமுடியும். பெயரில்லாச் சீட்டுகளில் வந்த பயங்களை எண்ணிக்கையாக மட்டும் எழுதி, சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். கையெழுத்தை வைத்து யாரும் ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது. நோட்டைத் தலைமையாசிரியர் அறை அலமாரியில், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தனி உறையில் போட்டு வைத்தால் அடுத்தவர் கண்ணில் படாது.